விறகு நிறுக்கப் போன ஆராய்ச்சி

மக்களின் கருத்தைக் கேட்டறிவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எண்பதுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அதைச் செய்து சம்பளம் வாங்கியவள் நான். மழை, சாப்பாடு, எரிபொருள், தண்ணீர் ஆகிய நான்கையும் ஒன்றாக வைத்து ஆராய வேண்டும், அந்த நான்கையும் நம்பிப் பிழைக்கிற ஜனங்களையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று டெல்லியில் யாருக்கோ தோன்றியிருந்தது. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அணைகளில் தண்ணீர் இல்லாமல் ஊரெங்கும் மின்வெட்டு. கிழக்கேகோட்டைக் கடைகளில் பெட்ரோமாக்ஸ் ஏற்றிவைத்து வியாபாரம் நடந்தது. ஆகவே இந்த ஆராய்ச்சி மிக மிக அவசரம் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த அவசரத்தில் ஜீப்புக்கு டிரைவர் போடுவதற்கே ஆறு மாதம் பிடித்தது.

எனக்கு வேலை கிடைத்தது என் எம்.ஏ. பட்டத்துக்காக அல்ல. மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் தமிழர்கள். அவர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். லயங்களில் பெண்களிடம் போய்ப் பேச ஒரு பெண் வேண்டும், அவளுக்குத் தமிழ் தெரிய வேண்டும். கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் பிறந்து வளர்ந்த எனக்கு வேறு தகுதி தேவைப்படவில்லை. ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் மலையாளி. நேர்முகத்தில் என்னைப் பார்த்து, "எனக்கும் தமிழ் நல்லா அறியும் கேட்டோ. எல்லா தமிழ்ப் படமும் காணும்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசிய தமிழ் முழுவதும் கொட்டகையிலிருந்து நேரே வந்ததுதான். ஒரு தோட்டத் தொழிலாளியிடம் வயதைக் கேட்பதைக்கூட கோர்ட் காட்சி மாதிரி கேட்பார்.

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மலையேறிப் போய் யார் வீட்டு விறகையோ நிறுக்கறதுக்கா உன்னை எம்.ஏ. படிக்க வெச்சோம்? வெளியில சொன்னா சிரிப்பா" என்றாள். நான் அவளுக்கு ஆராய்ச்சியின் மகத்துவத்தை விளக்கினேன். அவள் கேட்டுவிட்டு, "அவாளுக்கு விறகு எவ்வளவு வேணும்னு அவாளுக்குத் தெரியாதா? நீ போய் நிறுத்துச் சொல்லணுமா?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அந்த ஆராய்ச்சியைப் பற்றி யாராவது கேட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான் என்று புரிய எனக்கு ரொம்ப நாளாயிற்று.

கேள்விப் பட்டியலைத் தமிழில் எழுதியது நான். "குடிஜலம் எங்கிருந்து எடுக்கிறீர்கள்?" என்று எங்கள் வீட்டுத் தமிழிலேயே எழுதிவைத்திருந்தேன். முதல் லயத்தில் வாசித்தபோதே பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். "ஜலமா? எங்களுக்குத் தண்ணிதான் வருது டீச்சரம்மா. அதுவும் ரெண்டு நாளைக்கு ஒருக்கா" என்றாள் ஒருத்தி. புடவை கட்டிக் கையில் காகிதம் வைத்திருந்தால் அங்கே எல்லோரும் டீச்சர்தான். அவர்கள் சிரித்தது எனக்கு ரோஷமாக இருந்தது. ஆனாலும் எல்லா இடத்திலும் ஜலத்தை அடித்துத் தண்ணீர் என்று எழுதினேன். அந்த இரண்டு வருஷத்தில் ஜனங்கள் சொல்லி எங்கள் காகிதத்தில் மாறியது இந்த ஒரே சொல்தான்.

ஆனால் லயத்துக்குப் போகுமுன் ஜனங்களோடு ஒரு முறையான கலந்துரையாடல் நடக்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருந்தது. நடந்தது. எங்கே தெரியுமா? தோட்டத்து மானேஜரின் பங்களாப் புல்தரையில். எங்களுக்கு நாற்காலி, அவருக்குப் பிரம்பு நாற்காலி, தட்டில் பிஸ்கெட். எங்கள் எதிரே தொழிலாளிகள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் சூப்பர்வைசர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்பு போல இப்போது மழை பெய்கிறதா என்று கேட்டார். முன்வரிசையில் நின்ற பெரியவர் மானேஜரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தொரைக்குத் தெரியும் சாமி" என்றார். தண்ணீர் போதுமா? தொரைக்குத் தெரியும். ரேஷன் அரிசி எப்படி? தொரைக்குத் தெரியும். விறகு? அதுவும் தொரைக்குத்தான் தெரியும். மானேஜர் மகிழ்ச்சியோடு பிஸ்கெட்டைக் கடித்தார். திரும்பி வரும் வழியில், தொழிலாளர்களுக்கு நிர்வாகத்தின் மேல் முழு நம்பிக்கை இருக்கிறது என்று தலைவர் குறிப்பெழுதிக்கொண்டார். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் திரும்பத் திரும்ப அவர் கையெழுத்துக் கோணிற்று. கருத்து மட்டும் கோணவில்லை.

தண்ணீரையும் அரிசியையும் கேள்வி கேட்டே முடித்துவிட்டார்கள். விறகை மட்டும் நிறுத்துப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து செய்வார்கள், அதாவது முழங்காலளவுக்கு வெட்டிவிடுவார்கள். வெட்டிப்போட்ட மிளாறுகளைத் தொழிலாளிகள் விறகுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது தோட்டத்து வழக்கம். வேலை முடிந்து பெண்கள் ஆளுக்கொரு கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு லயத்துக்கு வருவார்கள். பாதி அன்றைய அடுப்புக்கு. மீதி அடுப்புக்கு மேலே பரணில் ஏறி மழைக்காலத்துக்குக் காத்திருக்கும். எங்கள் திட்டம் ரொம்ப எளிமையானது. லயத்து வாசலில் மரக்கிளையில் ஒரு ஸ்பிரிங் தராசைத் தொங்கவிட வேண்டும். ஒவ்வொருத்தியும் தன் கட்டை அதில் மாட்டிவிட்டுப் போவாள். நான் எழுதிக்கொள்வேன். ஒரு வாரம். அவ்வளவுதான்.

இந்த யோசனை யாருடையது என்று தலைவரைக் கேட்டால் தன்னுடையது என்பார். இருக்கலாம். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் தராசைத் தொங்கவிடுவதற்கு முன்னால், அங்கே தராசு என்றால் என்ன அர்த்தம் என்று ஓர் ஆளிடமாவது கேட்டிருக்க வேண்டாமா? பறித்த கொழுந்தை அவர்கள் தினமும் தராசில்தான் போடுகிறார்கள். முள் ஒன்று காட்டும். சூப்பர்வைசர் ஒன்று எழுதுவார். சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு. வெயில் காய்கிற நாளிலும் ஈரத்துக்குக் கழிவு உண்டு. காலமெல்லாம் இப்படிப் பழகினவர்களிடம் போய், இதோ இன்னொரு தராசு, உங்கள் விறகை இதில் போடுங்கள், பயப்படாதீர்கள் என்றோம். எம்.ஏ. படித்த எனக்கும் இது உறைக்கவில்லை. முதல் நாள் வந்த கட்டுகளைப் பார்த்து, பாவம், இவ்வளவு சின்னக் கட்டிலா சமைக்கிறார்கள் என்று மனம் இளகினேன். இளகினதைக் குறிப்பேட்டிலும் எழுதினேன்.

மூன்றாம் நாள் ஜீப் பழுதாகி, மேல் வளைவிலிருந்து இறங்கி நடந்துதான் லயத்துக்கு வந்தேன். அங்கே தேயிலைச் செடிகளுக்கடியில் மிளாறுக் கட்டுகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் அடையாளத்துக்கு ஒரு துணிக்கிழிசல். பெண்கள் பெரிய கட்டோடு வருகிறார்கள், வளைவில் அதைப் பிரித்துப் பாதியைச் செடிக்குக் கீழே தள்ளிவிட்டு, மீதியைத் தராசுக்குக் கொண்டுவருகிறார்கள், நான் போனபிறகு திரும்ப வந்து எடுத்துக்கொள்கிறார்கள். கழிவு போடுகிறவர்களுக்கு அவர்களே முந்திக்கொண்டு கழிவு போட்டுவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அவமானமாகவும் இருந்தது.

தலைவரிடம் சொன்னேன். அவர் முகம் சுளித்தார். "நம்முடெ ஜோலி நிறுக்கல் ஆணு. போலீஸ் பணி அல்ல. தராசு காட்டுனதை எழுதியால் போதும்" என்றார். தராசு பொய் காட்டுகிறதே என்றேன். தராசு பொய் சொல்லாது, மனுஷர்கள்தான் சொல்வார்கள் என்று அவர் மலையாளத்தில் தத்துவம் பேசினார். மனுஷர்களைக் கேட்கத்தானே வந்தோம் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. எனக்கு அப்போது தற்காலிக வேலை. ஆறு மாதத்துக்கொரு முறை அவர் கையெழுத்துப் போட்டால்தான் நீடிக்கும்.

அதனால் ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். லயத்தில் வீடு வீடாகப் போய், இது தோட்டத்துத் தராசு அல்ல, முழுக்கட்டையும் காட்டுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். சரிங்க டீச்சரம்மா, முழுக்கட்டுதாங்க டீச்சரம்மா. ஒருத்தி மட்டும் தலையாட்டவில்லை. லயத்தின் கடைசி அறைக்காரி, முப்பது வயது இருக்கும். இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. மூச்சு விடும்போதெல்லாம் குழந்தையின் நெஞ்சு கிர்ரென்று சத்தம் போட்டது. கூரையின் தகரம் ஓட்டையாகி அவள் அறையில் ஒரு பக்கச் சுவர் நனைந்தே இருந்தது. முந்தின மழைக்காலத்துக்கு முந்தினதில் மூத்ததை அந்த அறையில்தான் பறிகொடுத்திருந்தாள். இந்தக் குழந்தையை மழை மாதம் முழுக்க அடுப்போரத்தில் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்களாம். அவளுடைய பரணில் விறகு கூரையைத் தொட்டது.

"தராசுல ஏறுனது எதுவும் முழுசா எறங்குனதில்ல டீச்சரம்மா. நாங்க எவ்ளோ எடுக்குறோம்னு எழுதிக்கிட்டுப் போயி, இவ்ளோ எதுக்குன்னு கொறைச்சுட்டாங்கன்னா?" என்று கேட்டாள்.

"குறைக்க மாட்டா. உங்களுக்கு எவ்வளவு தேவைன்னு தெரிஞ்சாத்தானே யாராவது ஏதாவது செய்ய முடியும்? நிஜமாச் சொன்னா உங்களுக்குத்தான் நல்லது" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

சத்தியம் பண்ணும்போது எனக்குக் கொஞ்சமும் கூசவில்லை. நான் அதை நம்பினேன். இப்போது நினைத்தால் ஓங்கி ஒன்று வைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. கையில் ஓர் அதிகாரமும் இல்லாதவள், யாரோ செய்யப்போவதற்கு என் வாயால் உத்தரவாதம் கொடுத்தேன்.

மறுநாள் அவள் முழுக்கட்டோடு வந்தாள். வளைவில் நிற்கவில்லை. மற்றப் பெண்கள் ஒதுங்கி நின்று அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். கட்டைக் கொக்கியில் மாட்டியபோது கிளை தாழ்ந்தது, முள் கீழே ஓடிற்று. அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள், ஆனால் முள் படிக்கத் தெரியும். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். முள் நின்ற இடத்தை உரக்கச் சொல்லி, "எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். நான் எழுதியதைக் காட்டினேன். வாரத்தில் மீதி நாளெல்லாம் அப்படியே வந்தாள், அப்படியே கேட்டாள், அப்படியே காட்டினேன்.

திருவனந்தபுரத்துக்குத் திரும்பி எல்லா எடைகளையும் வரைபடத்தாளில் புள்ளிகளாக வைத்தோம். கீழே புள்ளிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. உயரத்தில் ஒன்று மட்டும் தனியாக நின்றது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதெந்தா?" என்றார். அது ஒன்றுதான் சார் நிஜம், மற்றதெல்லாம் பாதி என்றேன். அவர் என்னைக் கருணையோடு பார்த்தார். இத்தனை பேர் ஒரு மாதிரி சொல்லும்போது ஒருத்தி வேறு மாதிரி சொன்னால் அதற்குப் பிழை என்று பெயர் என்றார். "அது வெட்டிக் களயூ." நான் சிவப்பு மையில், ஸ்கேல் வைத்து, கோணாமல் அவளை வெட்டினேன். என் கோடுகள் அழகாக இருக்கின்றன என்று அவர் பாராட்டினார். பாராட்டு எனக்குப் பிடித்தும் இருந்தது.

வரைபடத்திலிருந்து முடிவுகள் பிறந்தன. ஒன்று, லயங்களின் விறகுத் தேவை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. இரண்டு, கவாத்து மிளாறு நிறையத் தேயிலைச் செடிகளுக்கடியில் கேட்பாரற்றுக் கிடந்து வீணாகிறது. இந்த இரண்டாவது முடிவு எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் எங்களுக்குப் பயந்து ஒளித்துவைத்ததைத் தலைவர் ஒரு நாள் ஜீப்பிலிருந்து பார்த்திருந்தார். மூன்று, இந்த உபரியைத் தொழிற்சாலையின் அடுப்புக்குத் திருப்பினால் எரிபொருள் நெருக்கடிக்கு உள்ளூரிலேயே தீர்வு கிடைக்கும். அறிக்கை பச்சை அட்டையில் அச்சாகி வந்தது. நன்றியுரையில் தோட்டத் தொழிலாளர்களின் உற்சாகமான பங்கேற்பு என்று ஒரு வரி இருந்தது. அதைத் தட்டச்சு செய்தவளும் நான்தான்.

அறிக்கையை ஜனங்களிடமே சமர்ப்பிக்க வேண்டும் என்பது திட்டத்தின் கடைசி நிபந்தனை. அதற்கென்று டெல்லியிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். அந்த வருஷம் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை ஏமாற்றவில்லை, குடைக்குள்ளும் அடித்தது. புல்தரையில் நிற்க முடியாமல் கூட்டத்தைத் தொழிற்சாலையின் காலிக்கூடத்தில் வைத்தார்கள். நிபுணருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. ஆனால் நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர். ஜீப்பில் வரும்போதே தமிழில் நன்றி சொல்வது எப்படி என்று என்னிடம் கேட்டு, வழியெல்லாம் முணுமுணுத்துப் பழகிக்கொண்டு வந்தார்.

தலைவர் பேசினார். பிறகு மானேஜர் எழுந்தார். அவர் பேசிய தமிழில் ஒரு குறையும் இல்லை. "ஆராய்ச்சி பண்ண பெரியவங்களே சொல்லிட்டாங்க. உங்களுக்கு இவ்வளவு விறகு தேவையில்ல. நீங்க காட்டுன எடைதான் இது, நாங்க எழுதுனதில்ல. அதனால இந்த மாசத்துலேர்ந்து மிளாறு பேக்டரிக்கு. வீட்டுக்கு வாரம் ஒரு கட்டு, எடை போட்டுத் தருவோம்."

அவரவர் கொண்டுவந்து நிறுத்த பாதிக்கட்டு அவரவர் கண்ணுக்கு முன்னால் நின்றிருக்க வேண்டும். யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தராசை ஏமாற்றியதை ஒப்புக்கொண்டதாகும். அப்போது பின்னாலிருந்து அவள் எழுந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுத் துண்டால் போர்த்தியிருந்தாள். வரிசைகளுக்கு நடுவே நேரே மேஜைக்கு வந்தாள். மானேஜரைப் பார்க்கவில்லை, தலைவரைப் பார்க்கவில்லை. நிபுணரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நான் முழுக்கட்டு நிறுத்தேன். தெனமும் நிறுத்தேன். முள்ளு எங்க நின்னுச்சுன்னு இப்பக் கேட்டாலும் சொல்லுவேன். இந்த டீச்சரம்மாதான் எழுதுனாங்க. கொறைக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணாங்க. மத்தவங்க எல்லாம் பயந்துகிட்டுப் பாதிதான் நிறுத்தாங்க. அந்த எடையை வச்சு எம்புள்ள அடுப்ப அணைக்காதீங்க. எங்கட்டு அந்தப் பொஸ்தகத்துல இருக்கான்னு பாருங்க."

நிபுணர் ஆவலோடு என் பக்கம் சாய்ந்தார். "என்ன சொல்கிறாள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எங்கள் இருவருக்கும் இரண்டு பக்கமும் தமிழ் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் அறிக்கையின் பச்சை அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். சினிமாத் தமிழ் மட்டும் தெரிந்தவருக்கும் அவள் பேசியது புரிந்திருக்கும். அவர் என்னைப் பார்த்தார். அந்த மாதம்தான் என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் மேஜைக்கு வந்திருந்தது. மானேஜர் தேநீரைக் கலக்கிக்கொண்டு குனிந்திருந்தார். அவருக்கு அவசரமே இல்லை. நான் என்ன சொல்வேன் என்று எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வந்தது பயம்தான், வேறு பெரிய வார்த்தை ஒன்றும் அதற்கு வேண்டாம்.

"இந்த மழையிலும் தங்களைத் தேடி வந்து கலந்து பேசியதற்கு எல்லோர் சார்பிலும் நன்றி சொல்கிறாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

நிபுணரின் முகம் மலர்ந்தது. நாற்காலியை விட்டு எழுந்தார். அவளுக்கு நேரே இரண்டு கைகளையும் கூப்பி, பழகி வைத்திருந்த தமிழில், நிறுத்தி நிறுத்தி, "நன்றி... நன்றி அம்மா" என்றார். சூப்பர்வைசர்கள் கைதட்டினார்கள்.

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்தக் கூப்பின கைகளைப் பார்த்ததும் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "நீங்க தொரை பொண்டாட்டிக்கே டீச்சரா இருங்கம்மா, எங்களுக்கு வேணாம்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, துண்டைக் குழந்தையின் தலை வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

அடுத்த மாதம் நான் நிரந்தரமானேன். பிறகு பல அறிக்கைகளில் என் பெயர் வந்தது, ஜனங்களோடு பேசுவது எப்படி என்று சின்னவர்களுக்கு வகுப்பெடுக்கவும் கூப்பிட்டார்கள், போனேன். கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்து ஓரிடத்தில் மாறினால் மதியத்துக்குள் அந்த லயத்து வாசலில் இறங்கிவிடலாம். அந்த மழைக்காலத்தை அந்தக் குழந்தை தாண்டிற்றா என்று நான் இன்றுவரை போய்க் கேட்கவில்லை.